சர்பத்தின் அடியில் ஒரு மோதிரம்

தாஹரைத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும். மனுஷர் தங்கம். மற்ற மாதமெல்லாம் தங்கம். நோன்பு மாதத்தில் மட்டும், அதுவும் அஸர் தொழுகை முடிந்து பொழுது சாய ஆரம்பித்துவிட்டால், கிட்டே போகக் கூடாது.

பசி அவரை ஒன்றும் செய்யாது. தாகமும் செய்யாது. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன சிகரெட் செய்கிற வேலை. காலையிலிருந்து அதைத் தொடாத வாய், சாயங்காலத்தில் யார் மாட்டுவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கும்.

"ரமலான் இவனை ஜெயிச்சிருச்சு" என்று குஸந்தீனா ஊரில் இந்த மாதிரி ஆட்களைச் சொல்வார்கள். அவருடைய அக்கா ஸொஹ்ரா அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்வாள். கைம்பெண். மாடி அறையில் தனியாக இருக்கிறாள். தம்பியைச் சீண்டுவதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு.

போன வருஷ நோன்பில் அது வெறும் கேலியோடு நிற்கவில்லை. இந்த வீட்டுக் கதையைத் தொடர்ந்து கேட்டு வருகிறவர்களுக்கு அந்தச் சாயங்காலம் மறந்திருக்காது.

மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சூப் ஆவி பறந்துகொண்டிருந்தது. நோன்பு திறக்கிற பாங்கு சொல்லச் சில நிமிஷங்கள்தான் பாக்கி. தம்பி முராத் ஏதோ விளையாட்டாகச் சொல்லப்போக, தாஹர் வெடித்துவிட்டார்.

"அப்பாவைத் தூக்கிட்டுப் போக ஒரு தோள் கொடுக்க வராதவனுக்கு, அவரு வீட்டுல நாற்காலி எதுக்குடா?"

அப்பா இறந்தபோது முராத் கடலுக்கு அந்தப் பக்கம், மார்சேயில் இருந்தான். அடக்கத்துக்கு வரவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் வந்தான். அதைப் பற்றி யாரும் பேசாமல் மென்று முழுங்கிக்கொண்டிருந்தார்கள். தாஹர் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தார்.

முராத் எழுந்தான். நாற்காலியை ஓசைப்படாமல் உள்ளே தள்ளிவிட்டு, ஒரு பேரீச்சம்பழம்கூட வாயில் போடாமல் படி இறங்கினான். ஊரை இரண்டாகப் பிரிக்கிற பள்ளத்தாக்கின் பாலத்துக்கு அவன் போய்ச் சேருமுன் ஊரெல்லாம் பாங்கு கேட்டது. தாஹர் அன்றைக்குச் சூப்பைத் தொடவில்லை.

அதோடு சரி. பாலத்துக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. தாஹர் டாக்ஸி ஓட்டுகிறவர், நாளைக்கு எத்தனையோ தடவை பாலத்தைத் தாண்டுகிறார். தம்பியின் தெருவுக்குச் சவாரி வந்தால் மட்டும், "அந்தப் பக்கம் வண்டி போகாதுங்க" என்று சொல்லிவிடுவார்.

இப்போது அந்தத் தம்பியைக் கூப்பிட வேண்டி வந்துவிட்டது. கூப்பிட்டது அவருடைய மகள் சிஹாம். ஒன்பது வயது. நோன்பின் நடுநாளான இன்றைக்கு அவளுக்கு முதல் நோன்பு.

அந்த வீட்டில் பிள்ளைகளின் முதல் நோன்புக்கு ஒரு முறை இருக்கிறது. மாடிக்குப் போகிற படிக்கட்டில் பிள்ளையை உச்சிப் படியில் உட்கார வைப்பார்கள், வாழ்க்கையில் உயரப் போகட்டும் என்று. கையில் ஆரஞ்சுப்பூத் தண்ணீர் கலந்த சர்பத். கிண்ணத்தின் அடியில் ஒரு வெள்ளி மோதிரம். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தால்தான் மோதிரம் உதட்டில் தட்டும். தாஹர் குடித்தது அந்த மோதிரத்தின் மேல்தான். ஸொஹ்ராவும் அப்படித்தான். அம்மா சாகும்போது அதைக் கடைக்குட்டி கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கடைக்குட்டி என்றால் முராத்.

சிஹாம் யாரையும் கேட்கவில்லை. அத்தையின் போனை எடுத்தாள், பேசினாள், வைத்தாள்.

"சித்தப்பா மோதிரத்தோட வரணும்னு சொல்லிட்டேன். வந்தாத்தான் குடிப்பேன்னும் சொல்லிட்டேன்."

"வரேன்னானா?" ஸொஹ்ரா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. மூச்சு மட்டும் விட்டாரு."

*

மத்தியானம் வரைக்கும் சிஹாம் பம்பரமாகச் சுற்றினாள். அதற்கப்புறம் ஆட்டம் அடங்கிவிட்டது. சமையலறை வாசலில், சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது.

தாஹரின் மனைவி வசீலா சூப்புக்குக் கோதுமை களைந்துகொண்டிருந்தவள் மகளைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு மனசு தாங்கவில்லை.

"கண்ணு, பாதி நாள் இருந்துட்டே. போதும்மா. இன்னொரு பாதியை நாளைக்கு வச்சுக்கோ. ரெண்டையும் சேர்த்துத் தைச்சா ஒரு முழு நோன்பு ஆயிடும். நாங்கல்லாம் சின்னப் புள்ளையில அப்படித்தான் பண்ணினோம்."

"தைச்சா தையல் தெரியுமேம்மா."

"தெரிஞ்சா என்னடி?"

"எனக்குத் தெரியுமே. எனக்கு அது பிடிக்காது."

ஸொஹ்ரா பாதாம் உரித்துக்கொண்டிருந்தாள், கை நின்றுவிட்டது. "யாருக்கு வந்து பொறந்திருக்கு பாரு" என்று தம்பியை ஓரக்கண்ணால் பார்த்தாள். "இவனோட முதல் நோன்புல, கூடத்துத் திரைக்குப் பின்னாடி நின்னு ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தான். ரெண்டு காலும் வெளியே தெரிஞ்சுது. நான்தான் பிடிச்சேன்."

"அக்கா!"

"என்னடா அக்கா? பொய்யா சொல்றேன்?"

சிஹாமுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் தெம்பில்லாமல் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். தாஹர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர்க் குழாய் எட்டடியில் இருக்கிறது. பாதாம் அத்தை மடியில் இருக்கிறது. யாரும் அவளைத் தடுக்கவில்லை, எல்லாரும் சாப்பிடச் சொல்லித்தான் கெஞ்சுகிறார்கள். இந்தச் சின்ன உடம்புக்குள் அப்படி என்னதான் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அவர் காதுக்குப் பின்னால் ஒரு சிகரெட் செருகியிருந்தது. பாங்கு சொன்ன மறுநொடி பற்ற வைக்க, காலையிலேயே தயார்.

"என்னங்க," வசீலா குரலைத் தாழ்த்தினாள். "முராத் வந்தா... அந்த நேரத்துலதான் வருவான். பாங்குக்கு முன்னாடி. அது உங்களுக்கு ஆகாத நேரம்."

"எனக்கென்ன ஆகாத நேரம்?"

"இதோ பாருங்க, இப்பவே எகிறுறீங்க. நான் கேக்கிறது ஒண்ணுதான். அவன் என்ன சொன்னாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. பாங்கு வரைக்கும். இந்தத் தடவையும் அவன் படியிறங்கிப் போனா, அப்புறம் உங்க மையத்து அடக்கத்துக்குக்கூட வர மாட்டான்."

தாஹர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். வசீலா சொன்னது உறைத்தது. கூடவே, அவன் வருவானா என்பதே தெரியாமல் இத்தனை பேச்சா என்றும் தோன்றியது. வரவில்லை என்றால் மானம் போகும். வந்தால் நாக்கு என்ன செய்யுமோ.

"ஜலேபி வாங்கிட்டு வரேன்" என்றார்.

"நானும் வரேன்ப்பா" என்று சிஹாம் எழுந்தாள்.

"நீ எதுக்குடி? தேன் வாசனை அடிக்கும், தாங்க மாட்டே."

"நீங்க தாங்குவீங்களான்னு பாக்கத்தான் வரேன்."

*

ஜலேபிக் கடை வாசலில் தெருவை அடைத்துக் கூட்டம். நோன்பு மாதத்துச் சாயங்காலத்தில் குஸந்தீனாவில் பாதிச் சண்டைகள் அந்தக் கடை வாசலில்தான் ஆரம்பிக்கும். மீதிப் பாதி வண்டி நிறுத்துகிற இடத்தில்.

எண்ணெயில் மாவு சுற்றுகிற சத்தம், தேன் கொதிக்கிற மணம். தாஹருக்கே நாக்கில் எச்சில் ஊறியது. கீழே பார்த்தார். சிஹாம் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரில் ஒரு பல்லி போய்க்கொண்டிருந்தது. அதையே விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"ஜலேபியைப் பாக்காம இருக்கேன். பாத்தா அதையே நினைச்சுக்கிட்டு இருப்பேன். பல்லியைப் பாத்தா பசிக்காது."

யார் சொல்லிக் கொடுத்தது இதையெல்லாம்? அவர் வாயைத் திறக்குமுன் தடித்த ஆள் ஒருத்தன் பக்கவாட்டில் புகுந்து அவருக்கு முன்னால் நின்றான்.

"யோவ், வரிசை தெரியல?"

"தெரியுதுய்யா. கத்தாதே."

"யாருய்யா கத்துறது? நானா கத்துறேன்?" கத்திக்கொண்டேதான் கேட்டார். பின்னாலிருந்து யாரோ, "விடுங்கப்பா, ரமலான் ஜெயிச்சிருச்சு அவரை" என்று குரல் கொடுக்க, வரிசையே சிரித்தது. தாஹரின் காது சூடேறியது. கை தன்னால் மடங்கியது.

அந்தக் கைக்குள் இன்னொரு சின்னக் கை நுழைந்தது.

"அப்பா. பல்லி."

அவர் திரும்பிப் பார்த்தார். பல்லி நிஜமாகவே அங்கேதான் இருந்தது. ஒரு பூச்சிக்கு எதிரே, அசையாமல். தாஹரும் பார்த்துக்கொண்டே நின்றார். பல்லி அசையவில்லை. அவரும் அசையவில்லை. எப்போது தன் முறை வந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை.

"எத்தனை வேணும்?" என்றான் கடைக்காரன்.

இதைப் போய் நான் ஒரு சாதனை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தாஹரைத் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

திரும்பி வரும்போது பொட்டலத்தைச் சிஹாம்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள்தான் கேட்டு வாங்கினாள். பாதி வழியில் காகிதம் நனைந்து தேன் கசிந்தது, கை விரலில் வழிந்தது. எல்லாப் பிள்ளைகளும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டாள்.

தாஹர் பார்க்கவில்லை. அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பின்னால் காலடிச் சத்தம் நின்றதும்தான் திரும்பினார்.

சிஹாம் தெரு நடுவில் விறைத்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கையில் பொட்டலம், இன்னொரு கை அந்தரத்தில்.

"என்னம்மா?"

"முழுங்கிட்டேன்."

"எதை?"

"தேனை. விரல்ல இருந்துச்சு. நான் நினைக்கவே இல்லப்பா... தன்னால..." அவ்வளவுதான், அணை உடைந்தது. "போச்சு! எல்லாம் போச்சு! காலையில இருந்து இருந்தேனே!"

அவர் கண்ணில் அது படவே இல்லை. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு பேசாமல் நடந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சர்பத், மோதிரம், உச்சிப் படி எல்லாம் கிடைத்திருக்கும். திரைக்குப் பின்னால் ரொட்டி தின்றவருக்கு அது நன்றாகவே புரிந்தது. நெஞ்சு விம்மியது. தெருவிலேயே மண்டியிட்டு அவள் கண்ணைத் துடைத்தார்.

"அடி அசடு. ஒண்ணும் போகல. மறந்து சாப்பிட்டா பாவம் கிடையாது. அல்லா ஊட்டி விட்டான்னு அர்த்தம். அப்படியே நோன்பைத் தொடர வேண்டியதுதான்."

"நிஜமா?"

"நிஜமா. பெரியவங்களா இருந்தா, நம்ம ஊர் முறையில பின்னாடி ஒரு நாள் ஈடு வைக்கணும். உனக்கு அதுகூட வேண்டாம்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். யோசித்தாள். "தெரிஞ்சே சாப்பிட்டா?"

"அது பெரிய தப்பு. ஒரு நாளுக்கு அறுபது நாள் நோன்பு இருக்கணும். இல்லேன்னா அறுபது ஏழைங்களுக்குச் சோறு போடணும்."

"ஓஹோ."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறி வந்தது. தூரத்தில் பாலம் தெரிந்தது. சிஹாம் அந்தப் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"அப்பா, போன வருஷம் சித்தப்பாகிட்ட நாற்காலி எதுக்குடான்னு கேட்டீங்களே. அது மறந்து சொன்னதா, தெரிஞ்சு சொன்னதா?"

தாஹருக்குச் சுருக்கென்றது. சிகரெட் இல்லாத கோபத்தில் வாய் தவறி வந்தது, இதைத்தானே ஒரு வருஷமாக ஊருக்கும் தனக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதையே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். தேன் ஒட்டிய அந்த விரலைப் பார்த்தார்.

"வேகமா நட. நேரமாச்சு" என்றார்.

*

மேசை தயார். சூப், பேரீச்சம்பழம், மோர், சுடச்சுட ரொட்டி. உச்சிப் படியில் மெத்தை போட்டாயிற்று. சிஹாம் தங்க ஜரிகை போட்ட உடுப்பில் மேலே உட்கார்ந்திருந்தாள். மடியில் சர்பத் கிண்ணம். அடியில் ஒன்றுமில்லை.

தாஹர் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தார். காதிலிருந்த சிகரெட் இப்போது விரலுக்கு வந்துவிட்டது.

"உக்காரேன்டா, தரை தேயுது" என்றாள் ஸொஹ்ரா.

"வர மாட்டான். எனக்குத் தெரியும். அவனுக்கு இந்த வீடுன்னா..."

கதவு தட்டப்பட்டது.

வசீலா ஓடினாள். முராத் நின்றான். போன வருஷத்துக்கு இப்போது இளைத்திருந்தான், கன்னம் ஒட்டியிருந்தது. அவனும் சிகரெட்காரன்தான். விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தன. வாசப்படிக்கு வெளியே நின்றபடி, யாரையும் பார்க்காமல் மேலே சிஹாமை மட்டும் பார்த்தான்.

"வந்துட்டேன் ராணி."

"உள்ளே வாங்க சித்தப்பா."

"வரேன். எனக்கு இங்க நாற்காலி இருக்கான்னு தெரியலையே."

சுரீர் என்றது. தாஹரின் தாடை இறுகியது. வசீலா கண்ணாலேயே கெஞ்சினாள். ஸொஹ்ராகூட வாயை மூடிக்கொண்டாள்.

"மோதிரம் எங்கடா?" என்று மட்டும் கேட்டார் தாஹர். குரல் கரகரத்தது.

"கீழே. வண்டியில இருக்கு."

"வண்டியிலயா?"

"ஆமா." முராத் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

தாஹருக்கு ரத்தம் தலைக்கேறியது. அம்மாவின் மோதிரத்தை வண்டியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்கிறான். அண்ணன் எப்போது வாயைத் திறப்பான், எப்போது கிளம்பிப் போகலாம் என்றுதானே ஜன்னலைப் பார்க்கிறான்? குழந்தை விடியலிலிருந்து பட்டினி. அவளிடமா காட்டுவது? சொல்லுக்கு மேல் சொல் நாக்கில் வரிசை கட்டி நின்றது. ஒவ்வொன்றும் போன வருஷம் சொன்னதைவிடக் கூர்மை.

தலையை நிமிர்த்தினார். மேலே சிஹாம் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஓசையில்லாமல் அசைந்தது. பல்லி.

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் பல்லியும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பாவின் பழைய தொப்பி மாட்டியிருந்த ஆணிதான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது பாங்கு கேட்டது. முதலில் பக்கத்துப் பள்ளிவாசலில், அதைத் தொடர்ந்து பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து, அப்புறம் எல்லாப் பக்கத்திலிருந்தும்.

"அல்ஹம்துலில்லாஹ்! குடிம்மா, குடி!" வசீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஜெயிச்சுட்டேடி என் தங்கம்!"

சிஹாம் குடிக்கவில்லை.

"மோதிரம் அப்புறம் போட்டுக்கலாம்டி" என்று ஸொஹ்ரா பதறினாள். "பாங்கு சொன்னப்புறம் நோன்பு திறக்கிறதைத் தள்ளக் கூடாது. ஒரு வாயாவது குடி."

"இருங்க அத்தை."

"இன்னும் என்னத்துக்கு இருக்கணும்?"

"சித்தப்பா இன்னும் வாசல்லயே நிக்கிறாரு."

கிண்ணம் உதட்டுக்குக் கீழே இருந்தது. சர்பத்தின் வாசனை கீழே நிற்பவர்களுக்கே வந்தது. அவளை இனிமேல் எந்தச் சட்டமும் கட்டிப்போடவில்லை. நோன்பு முடிந்துவிட்டது. அப்படியிருந்தும் உட்கார்ந்திருந்தாள். நான் எத்தனையோ முதல் நோன்பு பார்த்திருக்கிறேன். பாங்குக்கு அப்புறமும் காத்திருந்த பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தாஹர் கையிலிருந்த சிகரெட்டைப் பார்த்தார். விடியலிலிருந்து இந்த நொடிக்காகத்தான் வைத்திருந்தார். அதை மறுபடி காதில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"முராத்."

தம்பி நிமிர்ந்தான்.

"கோபத்துல வாய் தவறிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். பொய். மறந்து சொல்லலடா. வலிக்கும்னு தெரிஞ்சேதான் சொன்னேன். வலிக்கணும்னுதான் சொன்னேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "என்னை மன்னிச்சிரு. இது அப்பா வீடு. உன் நாற்காலி போட்ட இடத்துலதான் இருக்கு. ஒரு வருஷமா அதுல நான் யாரையும் உக்கார விடல."

"ஆமா," என்றாள் ஸொஹ்ரா, மூக்கைச் சிந்திக்கொண்டே. "என்னையே எழுப்பி விட்டான், பாவி."

முராத் ஒரு காலை வாசப்படிக்கு உள்ளே வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் அவன் முகத்தில் பழைய குறும்பு மெல்ல எட்டிப் பார்த்தது.

"தெரிஞ்சே பண்ணினா அறுபது பேருக்குச் சோறு போடணும். தெரியுமில்ல அண்ணே?"

"போடறேன்டா. அறுபது பேரையும் கூட்டிட்டு வா."

"இப்போதைக்கு ரெண்டு பேருக்குப் போடு. போதும்."

"ரெண்டு பேரா?"

முராத் ஜன்னலைப் பார்த்தான். "மோதிரம் வண்டியில இருக்குன்னேனே, வண்டியில கிடக்கல. அவ விரல்ல இருக்கு. லாமியா. என் பொண்டாட்டி. கல்யாணம் ஆகி எட்டு மாசம் ஆச்சு. யாருக்கும் சொல்லல. எனக்கே நாற்காலி இல்லாத வீட்டுக்கு அவளை எப்படிக் கூட்டிட்டு வர்றது? கூப்பிட்டா வரேன்னு கீழேயே உக்காந்திருக்கா. அவளும் இன்னும் நோன்பு திறக்கல."

வசீலா வாயில் கை வைத்தாள். ஸொஹ்ரா, "அட படுபாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள், முகமெல்லாம் சிரிப்பு.

தாஹர் யாரையும் கேட்கவில்லை. மேசையிலிருந்து இரண்டு பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் படி இறங்கி ஓடினார்.

லாமியா வந்தாள். ஒல்லியாக, பச்சைச் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு. கூச்சத்தில் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தாஹர் கொடுத்த பழம் கையிலேயே இருந்தது. நேராகப் படியேறி உச்சிப் படிக்குப் போனாள். விரலிலிருந்து வெள்ளி மோதிரத்தைக் கழற்றி, சால்வை நுனியால் துடைத்து, கிண்ணத்துக்குள் விட்டாள். 'டிங்' என்று அடியில் போய் உட்கார்ந்தது.

"நீங்களும் இவ்வளவு நேரமா குடிக்கலையா?" என்று சிஹாம் கேட்டாள்.

"நீ குடிக்கலையே."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நோன்பு திறந்தார்கள். ஒருத்தி பழத்தால், ஒருத்தி சர்பத்தால். சிஹாம் ஒரே மூச்சில் குடித்தாள். கழுத்து வழியெல்லாம் ஒழுகியது. கடைசியில் மோதிரம் உதட்டில் தட்டியதும், கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள். ஸொஹ்ரா குலவை போட்டது பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம்தான் எல்லாரும் மேசைக்கு வந்தார்கள். முராத் தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். லாமியாவுக்குத் தாஹர் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, சமையலறை முக்காலியைக் கொண்டு வந்து தம்பி பக்கத்தில் போட்டுக்கொண்டார். சிகரெட் இன்னும் காதில்தான் இருந்தது. அது அவருக்கு ஞாபகமே இல்லை.

சூப் பரிமாறும்போது முராத் குனிந்து, அண்ணனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அப்பா போன அன்னைக்கு நான் ஏன் வரலைன்னு நீ ஒரு தடவைகூடக் கேக்கல, அண்ணே."

தாஹரின் கரண்டி நின்றது.

"வராதேன்னு சொன்னதே அப்பாதான்."

அப்பாவா? கடைசி நாள் வரைக்கும் தம்பி பெயரைச் சொல்லி வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்த அப்பாவா? ஏன்? எப்போது? கேள்விகள் நாக்கு நுனிக்கு வந்து முட்டின. பழைய தாஹராக இருந்தால் மேசையைத் தட்டியிருப்பார், இந்த நிமிஷமே சொல்லுடா என்று சட்டையைப் பிடித்திருப்பார்.

எதிரே சிஹாம் ஈரக் கன்னத்தோடு, மோதிரத்தைக் கட்டை விரலில் மாட்டிக்கொண்டு சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

தாஹர் தம்பியின் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சூப் ஊற்றினார். ரொட்டியைப் பிய்த்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஆறிடும்டா, முதல்ல சாப்பிடு" என்றார். "உனக்கு எப்போ சொல்லணும்னு தோணுதோ அப்போ சொல்லு. நான் காத்திருக்கேன்."